“ரிப்போட் எல்லாம் நோர்மல், வலி மட்டும் நிற்கவில்லை”: ஆய்வில் சேரக் கையெழுத்து வைக்கலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுச் சுருக்கித் தருகிறேன்.

2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது அவருக்கு வயிற்றோட்டம் வந்து பத்து நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார். “அதுக்குப் பிறகு என்ரை வயிறு பழைய வயிறு இல்லை” என்று எழுதுகிறார். அடிவயிற்றில் முறுக்கும் வலி. வெளிக்குப் போனால் கொஞ்சம் குறையும். ஒரு கிழமை தண்ணியாகப் போகும், அடுத்த கிழமை இறுகிவிடும். சாப்பிட்டால் ஊதல், நெஞ்செரிவு. பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகவேண்டிய நாட்களில் பயத்தில் சாப்பிடுவதே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார்கள், ஸ்கானும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமேபிரசோல் குளிசை போடுகிறார். யாரோ “வயிற்றில் கிருமி” என்று சொன்னதால் பாமசியில் வாங்கிய குளிசைகளையும் இரண்டு கிழமை போட்டுப் பார்த்திருக்கிறார்.

இப்போது கிளினிக் வைத்தியர் இவரை ஒரு மருத்துவ ஆய்வில் சேரக் கேட்டிருக்கிறார். அமிட்ரிப்டிலின் என்ற குளிசை ஒரு பகுதியினருக்கு, அதே மாதிரித் தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை மற்றப் பகுதியினருக்கு. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. கணவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “இது மனநோய்க் குளிசை. எங்களை வைச்சு மருந்து சோதிக்கப் போறாங்கள். பட்டது காணாதே?” என்று கோபப்படுகிறார். லண்டனில் இருக்கும் அக்கா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று இரத்தத்தில் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை அனுப்புகிறேன் என்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று: சேரலாமா? சேராவிட்டால் கிளினிக்கில் ஒதுக்கிவிடுவார்களா? வெறும் குளிசை கிடைத்தால் வருத்தம் முற்றிவிடாதா?

தங்கச்சி, இந்த மூன்றுக்கும் பதில் சொல்வேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். “போன மாதம் இரத்தம் காணாது எண்டு சொன்னவை, 9.1ஆம். சட்டையெல்லாம் தொளதொளத்துப் போச்சு” என்பது ஒன்று. முதுகில் செல் (எறிகணை) துண்டு இருப்பதால் வலிக்கு டைக்லோபெனாக் குளிசையைக் கடையில் வாங்கி அநேகமாகத் தினமும் போடுகிறீர்கள், “டொக்டர் பேசுவார் எண்டு சொல்லேல்லை” என்பது மற்றது.

ஆகவே என் முதல் பதில்: இப்போதைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். ஆய்வு கூடாதது என்பதற்காக அல்ல. இந்த இரண்டு விஷயமும் உங்கள் வைத்தியருக்குத் தெரியாமல் ஆய்வில் சேருவது உங்களுக்கு ஆபத்து என்பதற்காக.

முதலில் இரத்தம்

கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. உங்களுக்கு 9.1. காரணம் மாதவிடாயில் அதிகம் போவதாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைந்த சாப்பாடாக இருக்கலாம். ஆனால் தினமும் டைக்லோபெனாக் போடும் ஒருவருக்கு வயிற்றுக்குள் புண் வந்து, அது சிறுகச் சிறுக இரத்தம் கசிவதாகவும் இருக்கலாம். இந்தப் புண்கள் பல நேரம் வலியே காட்டுவதில்லை. அதனால்தான் “எனக்கு அது புதுவலி ஒண்டும் தரேல்லை” என்ற உங்கள் வரி எனக்கு ஆறுதல் தரவில்லை.

மலம் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போகிறதா என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் கறுக்கும், அதைப் போடுகிறீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தார் மாதிரிப் போனாலோ, தலைசுற்றி விழப்பார்த்தாலோ, இரத்தமாகவோ கோப்பித்தூள் நிறத்திலோ வாந்தி எடுத்தாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள், இரவானாலும் போங்கள்.

மெலிவும் அப்படித்தான். சாப்பிடப் பயந்து மெலிந்திருக்கலாம். ஆனாலும் மெலிவும் இரத்தக்குறைவும் ஒன்றாக வந்தால், அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கும்வரை வைத்தியர்கள் நாங்கள் தேடியே ஆகவேண்டும். ‘ஆறு வருடத்துக்கு முன் கமராவில் ஒன்றும் இல்லை’ என்பது இன்றைக்கு அத்தாட்சி ஆகாது. இன்னொன்று, வாய்வழியாக விடும் கமரா களம் (உணவுக்குழாய்), இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் இவ்வளவையும்தான் பார்க்கும். பெருங்குடலைப் பார்க்க ஆசனவாய் வழியாக விடவேண்டும். அது உங்களுக்கு ஒருபோதும் செய்யப்படவில்லை. அது வேண்டுமா என்பதை உங்கள் வைத்தியர் பரிசோதித்துத் தீர்மானிப்பார். முதுகில் உள்ள செல் துண்டு இந்தக் கமராக்களுக்குத் தடை இல்லை. எம்.ஆர்.ஐ எடுக்கச் சொன்னால் மட்டும், மெஷின் அறைக்குள் போவதற்கு முதலே அந்தத் துண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் உடம்பில் துண்டோடு நடமாடும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

குளிசையை மறைத்ததற்காக உங்களை நான் குறை சொல்லமாட்டேன். கிளினிக்கில் ஒருவருக்கு இரண்டு நிமிடம், பின்னால் வரிசை, முன்னால் பேச்சு விழுமோ என்ற பயம். நோயாளி உண்மை சொல்லப் பயந்தால் அதில் பெரிய பங்கு எங்களுடையது. ஆனால் ஆய்வு வேறு விஷயம், தங்கச்சி. இந்த மாதிரி ஆய்வுகளில் இரத்தச்சோகை, மெலிவு, மலத்தில் இரத்தம் உள்ளவர்களை வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அந்த விதி அவர்களின் பாதுகாப்புக்காகத்தான். மறைத்துச் சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி வைப்பது போல ஆகிவிடும்.

“நோர்மல்” என்றால் வலி பொய்யா?

இரத்தப் பிரச்சினை தீர்ந்து, வேறு நோய் இல்லை என்று உறுதியானால், உங்கள் கதை ஐ.பி.எஸ் (IBS, எரிச்சலுறும் குடல்) என்ற குடல் கோளாறோடு நன்றாகப் பொருந்துகிறது. ஸ்கானில் தெரியாத நோயை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பீர்கள். இதற்கென்று ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ‘ரோம் அளவுகோல்’ இருக்கிறது. அதன் நான்காவது பதிப்பு 2016இல் வந்தது. கடந்த மூன்று மாதத்தில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்கவேண்டும். வலி வெளிக்குப் போவதோடு கூடிக்குறைவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது அந்த வலியோடு சேர்ந்திருக்கவேண்டும். தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். உங்களுக்கு மூன்றுமே இருக்கிறது. அதாவது இது “ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் மனப்பிரமை” என்று சொல்லும் நோய் அல்ல. அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது, அந்த வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

முகாமில் வந்த வயிற்றோட்டத்தை நீங்கள் மறக்காமல் எழுதியது நல்லது. பலர் இந்தத் தொடர்பைச் சொல்வார்கள், கேட்பவர்கள்தான் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்ட்டன் என்ற சிறு பட்டினம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் கடும் மழைக்குப் பிறகு அந்த ஊரின் குடிதண்ணீரில் மாட்டுச்சாணக் கிருமிகள் கலந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. எட்டு வருடம் கழித்தும் பார்த்தார்கள். அன்று நோய்ப்பட்டவர்களில் ஏறக்குறைய 15 சதவீதமானவர்களுக்கு அப்போதும் ஐ.பி.எஸ் இருந்தது. கிருமி போய்விடுகிறது, ஆனால் குடலின் நரம்புகள் கூர்மையாகி, சாதாரண அசைவையும் வலியாக மூளைக்குச் சொல்லத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் மனதில் பெரும் துயரம் இருந்தவர்களுக்கு இப்படி ஆகும் சாத்தியம் இன்னும் கூட.

2009இல் நீங்கள் இருந்த நிலையை நான் விளக்கத் தேவையில்லை. “பழைய வயிறு இல்லை” என்று நீங்கள் எழுதியது வெறும் பேச்சு இல்லை. அது உடம்பில் நடந்த மாற்றம்.

அந்தக் குளிசை

கணவர் சொன்னது பாதி சரி. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான். மனச்சோர்வுக்குப் பொதுவாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுப்பார்கள். குடலுக்குக் கொடுப்பது இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கும் சிறிய அளவு. அந்த அளவில் அது முக்கியமாகச் செய்வது குடலுக்கும் மூளைக்கும் இடையில் ஓடும் வலிச் செய்தியை மட்டுப்படுத்துவதுதான். இங்கிலாந்தில் ‘அற்லான்ரிஸ்’ என்ற ஆய்வில் 463 ஐ.பி.எஸ் நோயாளிகளைச் சேர்த்து, ஆறு மாதம் 10 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023இல் வந்தது. மருந்து போட்டவர்களில் 61 சதவீதம் பேர் சுகம் கண்டதாகச் சொன்னார்கள். வெறும் குளிசை போட்டவர்களில் 45 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். மருந்து வேலை செய்கிறது, ஆனால் அற்புதம் செய்யவில்லை. வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் வரும், மலம் இறுகும். இருதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்த நோய், சிறுநீர் தடைப்படுவது போன்றவை இருந்தால், அல்லது வேறு மனநல மருந்து எடுத்தால், முதலே சொல்லவேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் குளிசையைப் பூட்டி வையுங்கள். அளவுக்கு மிஞ்சினால் உயிரைப் பறிக்கும்.

இது பழைய மருந்து. ஆய்வில் சேராமலேயே, உங்களுக்குப் பொருந்தும் என்று நினைத்தால் வைத்தியர் எழுதித் தரலாம். ஆகவே ‘ஆய்வில் சேர்ந்தால்தான் கிடைக்கும்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல.

வெறும் குளிசை எதற்கு?

இதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. தாய்லாந்தில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன், அது நம் அடுப்படியோடு சம்பந்தப்பட்டது. வயிறு ஊதல், எரிவு, ஆனால் கமராவில் ஒன்றும் இல்லை என்ற நோயாளிகள் 206 பேரை எடுத்து, ஒரு பகுதிக்கு மஞ்சளில் இருக்கும் குர்குமின், ஒரு பகுதிக்கு ஒமேபிரசோல், ஒரு பகுதிக்கு இரண்டும் கொடுத்தார்கள். 2023இல் முடிவு வெளிவந்தது. மூன்று பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். உடனே ‘மஞ்சள் ஒமேபிரசோலுக்குச் சமன்’ என்று செய்தி பரவியது. ஆனால் அதில் வெறும் குளிசை போட்ட பகுதி இல்லை. இந்த வகை வயிற்று வருத்தம் பலருக்குத் தானாகவே கூடும், குறையும். ஒருவர் அக்கறையாகக் கேட்டு, ஒழுங்காகத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாலே பலருக்குக் குறைகிறது. அப்படியிருக்க, மூன்று பகுதியினரும் சுகப்பட்டது மருந்தாலா, காலத்தாலா என்று எப்படிச் சொல்வது? அந்தக் கேள்விக்குப் பதில் எடுக்கத்தான் வெறும் குளிசை. (அதற்காக மஞ்சள் தண்ணியைக் கோப்பை கோப்பையாகக் குடிக்காதீர்கள். அவர்கள் கொடுத்தது நாளுக்கு 2 கிராம் குர்குமின் குளிகை. கறியில் போடும் மஞ்சளில் அவ்வளவு வராது.)

ஐ.பி.எஸ் புற்றுநோயாக மாறுவதில்லை, குடலை அரிப்பதும் இல்லை. ஆகவே மற்ற நோய்கள் இல்லையென்று வடிவாகப் பார்த்துவிட்ட ஒருவருக்கு, சில மாதம் வெறும் குளிசை போடுவதால் வருத்தம் முற்றாது. வலி கூடினால் வேறு என்ன மருந்து தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உங்கள் உரிமை

ஆய்வுக்குச் சம்மதம் என்பது உங்களுடைய சொந்தச் சம்மதம். உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் செய்த பிரகடனத்திலிருந்தே இது நடைமுறை. சேர மறுத்தாலும், நடுவில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது. கிளினிக் கொப்பியை அதற்காக யாரும் மூடமுடியாது. கணவரின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் அவரோடு கதையுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையும் கூட்டிப்போய், அவருடைய கேள்வியை அவரே வைத்தியரிடம் கேட்கவிடுங்கள். எங்களைக் கேளாமல் எங்களுக்கு எத்தனையோ நடந்த மண் இது. அவருடைய கோபத்தை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன்.

கையெழுத்துக்கு முதல் இவற்றைக் கேளுங்கள்:

* விபரத்தாள் தமிழில் இருக்கிறதா? வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க விடுவார்களா? கையெழுத்திட்ட பிரதி ஒன்று எனக்குத் தருவீர்களா?
* எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, அந்தக் குழுவோடு கதைக்க எந்த இலக்கம்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உட்பட எங்கள் மருத்துவ பீடங்களில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன.
* இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்திருக்கிறீர்களா? இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய இந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இலக்கத்தை வாங்கி, படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.
* மருந்தால் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு, யார் செலவு? இரவில் யாரைக் கூப்பிடுவது?
* பஸ் காசு தருவீர்களா? ஒவ்வொரு வருகைக்கும் ஒருநாள் கூலி போகிறதே?
* என் இரத்தமும் மலமும் எங்கே போகும், எவ்வளவு காலம் வைப்பீர்கள்?

இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர்களை நம்பலாம். “அதெல்லாம் உங்களுக்கு விளங்காது” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். ஆய்வில் சேர்ந்தால் பெரிய வைத்தியர்மார் நல்ல வைத்தியம் செய்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகம் கவனிப்பார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆய்வின் நோக்கம் ஒரு கேள்விக்குப் பதில் எடுப்பது. அதன் பலன் உங்களைவிட உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கே கூட இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் சேர்ந்தால் நான் மனதார மகிழ்வேன். இங்கிலாந்துக்காரரின் வயிற்றை வைத்து எடுத்த அளவுகளைத்தான் புட்டும் சம்பலும் சாப்பிடும் எங்கள் சனத்துக்கு இன்னும் பொருத்திப் பார்க்கிறோம். முகாமில் வயிற்றோட்டத்தோடு கிடந்த ஒரு தலைமுறையின் வயிறு எப்படி இருக்கிறது என்று எங்கள் ஊரிலேயே எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிருமி, ஒமேபிரசோல், லண்டன் பெட்டி

‘கிருமி’ என்று சொன்னது ஹெலிக்கோபக்டர் பைலோரி. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரனும் பரி மார்ஷலும் கண்டுபிடித்தார்கள். வயிற்றுப்புண் மனக்கவலையாலும் அமிலத்தாலும்தான் வரும் என்று அன்றைய வைத்தியர்கள் நம்பியதால், இந்தக் கிருமிதான் காரணம் என்று இவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமி இருக்கிறதா என்று மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ பார்த்த பிறகுதான் மருந்து. நீங்கள் பார்க்காமலேயே போட்டுவிட்டீர்கள். இனிப் பார்ப்பதானால் கடைசியாக அன்ரிபயோட்டிக் போட்டு நான்கு கிழமையும், ஒமேபிரசோல் நிறுத்தி இரண்டு கிழமையும் ஆகியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

ஆனால் டைக்லோபெனாக் போடும்வரை ஒமேபிரசோலை நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு உங்கள் இரைப்பைக்கு இருக்கும் ஒரே காவல் அதுதான். முதலில் விட வேண்டியது டைக்லோபெனாக். முதுகுக்கு வேறு வழி கேளுங்கள்.

அக்காவிடம் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த வகை இரத்தச் சோதனைகள் பெரும்பாலும் நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பதைத்தான் காட்டும், எது ஒத்துக்கொள்ளாது என்பதை அல்ல. அதை நம்பி ஒவ்வொன்றாக விலக்கினால் இன்னும் மெலிவீர்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரை தள்ளாமல் இந்தக் கிழமையே போங்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசை அட்டையையும், வெறும் அட்டையானாலும், ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். “இதைத் தினமும் போடுறன், இரத்தம் 9.1, மெலிஞ்சிட்டன்” என்று இந்த மூன்றையும் முதல் வசனமாகச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஆய்வுத் தாளைப் பிறகு எடுக்கலாம்.